பொருட்காட்சிக்கு நெய்தவரே போக வேண்டும்

ஓணத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே திருவனந்தபுரத்தில் கைத்தறிப் பொருட்காட்சிகளுக்குப் பந்தல் எழும்பத் தொடங்கிவிடும். நெய்யாற்றின்கரை, பாறசாலை கடைத்தெருக்களிலும் அந்தச் சாயல் தெரியும். "ரிபேட்" என்று கொட்டை எழுத்தில் எழுதிய துணித் தட்டிகள் விளக்குக் கம்பங்களில் ஆடும். திருப்புறம், காஞ்சிரங்குளம், பூவாறு பக்கத்திலிருந்து ஜனங்கள் குடும்பத்தோடு பஸ் ஏறிப்போய், செட்டு முண்டும் நேரியதும் இரட்டை வேட்டியும் வாங்கி வருவார்கள். அந்தப் பந்தலில் ஒருவரை மட்டும் காண்பது அரிது. அவர்தான் துணியை நெய்தவர்.

கடையில் நின்று துணியை விரித்துக் காட்டுபவர் விற்பனையாளர். பில் எழுதுபவர் வேறொருவர். மேற்பார்வைக்கு ஓர் அலுவலர் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்திருப்பார். நெய்தவரோ அந்நேரத்தில் குழித்தறியில் காலை விட்டுக்கொண்டு, ஓண ஆர்டரை முடித்துக் கொடுக்கும் அவசரத்தில் இருப்பார். நெய்வது ஒருவர் வேலை, விற்பது இன்னொருவர் வேலை, இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்தப் பிரிவினையால் விற்பனை கெடுகிறதோ இல்லையோ, நெசவு கெடுகிறது என்பதே குறை. கைத்தொழில் செய்பவர் தம் கையைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் மிக நல்ல சந்தர்ப்பம் பொருட்காட்சி. அந்தச் சந்தர்ப்பத்துக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டுத் தறிக்காரர் வீட்டில் இருக்கிறார்.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் நெசவுக்கு இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா மகாராஜா காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஏழு சாலியர் குடும்பங்கள் அழைத்து வரப்பட்டுக் குடியேற்றப்பட்டன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. மன்னர் பெயரே ஊருக்கும் பாலராமபுரம் என்று நிலைத்தது. அரண்மனைக்கு நெய்யத் தொடங்கிய தறிகள், நாளடைவில் மற்றச் சமூகத்தாரிடமும் சுற்றுக் கிராமங்களிலும் பரவின. நயமான பருத்தி நூல், வீசு நாடா, குழித்தறி, தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து நீவும் பழக்கம் ஆகியவை இந்த நெசவின் அடையாளங்கள். புவிசார் குறியீடும் இதற்குக் கிடைத்திருக்கிறது. மஞ்சவிளாகத்து நெசவாளர் பி.கோபிநாதனுக்கு 2007-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது இந்தத் தாலுகாவுக்குக் கிடைத்த பெருமை.

இத்தனை இருந்தும், ஒரு சாதாரணத் தறிக்காரருக்குத் தம் துணியைப் பற்றித் தெரிய வருவது என்ன? நூல் கொடுத்தவரிடம் துணியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அங்கே மடித்துப் பார்க்கிறார்கள், அளக்கிறார்கள், கூலி எழுதுகிறார்கள். குறை இருந்தால் கூலியில் பிடித்தம். அந்தத் துணியை யார் வாங்கினார், வாங்காமல் போனவர் ஏன் வைத்துவிட்டுப் போனார், மூன்று முறை துவைத்தபின் கசவு எப்படி இருந்தது என்பதெல்லாம் அவர் காதுக்கு எட்டுவதே இல்லை. அவருக்கு எட்டுவது பிடித்தம் மட்டும். பிடித்தத்தினால் ஒருவர் எச்சரிக்கையாக நெய்யக் கற்கலாம். மேலும் சிறப்பாக நெய்யக் கற்பதற்கு அது போதாது.

பொருட்காட்சியில் நிற்கும்போது முதலில் கண்ணில் படுவது வாங்குகிறவரின் கை. துணி தெரிந்தவர் விலையைக் கேட்பதற்கு முன்பே துணியைப் புரட்டிப் பார்ப்பார். பாலராமபுரம் நெசவில் கசவுக் கரை இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும், உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற பேதம் தெரியாது என்பதே அதன் சிறப்பு. தமிழ்நாட்டு விசைத்தறிகளில் ஓடி வந்து, "கேரளப் புடவை" என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்கும் துணியைப் பக்கத்தில் வைத்துப் புரட்டினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இதைத் தறிக்காரர் ஒரு தடவை தம் வாயால் எடுத்துச் சொல்லி, வாங்குகிறவர் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டால் போதும். அடுத்த முறை கரை ஓட்டும்போது அவர் கவனம் எங்கே இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வெளிச்சமும் ஒரு வாத்தியார்தான். வீட்டுத் தறிக்கூடத்தின் மங்கலில் தெரியாத குறைகள் பொருட்காட்சியின் பளீர் விளக்கின் கீழே தெரிந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்துபோய் மீண்டும் உட்கார்ந்து அடித்த இடத்தில், அடியின் பலம் மாறியதால் ஊடை நெருங்கியோ விலகியோ ஒரு கீற்று விழுந்திருக்கும். வீட்டில் அதை எவரும் காண்பதில்லை. தொங்கவிட்ட துணியில் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். பத்து நாள் விரித்தும் மடித்தும் வைத்தால் கஞ்சி எங்கே அதிகம், எங்கே குறைவு என்பதும் வெளிவந்துவிடும். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் ஒரே மாதிரி பத்து வேட்டி கேட்டால், அடுக்கிலிருந்து எடுத்த பத்துக்கும் கரை ஒரே அகலம்தானா என்று அங்கேயே விடை தெரிந்துவிடும். ஒரு துணியை நன்றாக நெய்வதும், பத்துத் துணியை ஒன்றுபோல நெய்வதும் வேறு வேறு தேர்ச்சி. இரண்டாவதைக் கற்றுக்கொடுப்பது தொகையாகச் சரக்குச் சேர்க்க வேண்டிய பொருட்காட்சியே.

வெளியூர் போனால் வேறு பாடங்களும் கிடைக்கும். செட்டு முண்டு என்பது கேரளத்துக்கு வெளியே பெரும்பாலும் புரியாத சமாசாரம். அங்கே புடவையாகக் கேட்பார்கள். ரவிக்கைத் துண்டு சேர்ந்திருக்கிறதா என்பார்கள். சலவைக்குப் போட்டால் என்ன ஆகும் என்பார்கள். இக்கேள்விகளுக்கு விற்பனையாளர் ஏதேனும் சமாதானம் சொல்லிச் சமாளிப்பார். நெய்தவரோ ஊர் திரும்பியதும் பாவின் நீளத்தை மாற்றிப் போடுவார்.

"ஏன் இத்தனை விலை?" என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் தறிக்காரர் தம் வீட்டுக் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பாவு ஓட்டியது எத்தனை நேரம், கஞ்சி போடப் புலரும் முன்பே எழுந்தவர்கள் எத்தனை பேர், தார் சுற்றிய மனைவியும் மாமியாரும் உட்கார்ந்தது எத்தனை நாள்? கூலிச் சீட்டில் இந்தப் பெண்களின் வேலைக்குத் தனிக் கலம் கிடையாது. தறியில் இருந்தவர் பெயரில் ஒரு தொகை வரும், அதில் எல்லாம் அடக்கம். பொருட்காட்சியில் அந்நியர் ஒருவருக்கு விலையை விளக்கும்போதுதான் தார் சுற்றிய நாட்களையும் விரல்விட்டு எண்ண வேண்டியதாகிறது. இக்கணக்கு ஒருமுறை மனதில் ஏறிவிட்டால், கூலி பேசும் இடத்திலும் அது வாய்க்கு வரும். நெய்தவரைப் பொருட்காட்சிக்கு அனுப்பத் தயங்குகிறவர்கள் சிலருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு.

பக்கத்துக் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஊர்க் கைவினைஞர் கூடும் காட்சியில், திருப்புறத்துத் தறிக்காரருக்கு அடுத்த கடையில் காஞ்சிபுரத்துக்காரர் இருக்கக்கூடும். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்க, மூன்று நாடாக்களைக் கொண்டு இரண்டையும் பிணைக்கும் கோர்வை வேலையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். எதிரே திருச்சூர் மாவட்டத்துக் குத்தாம்புள்ளிக்காரர் இருக்கலாம். அவர்களும் கொச்சி அரச குடும்பத்தாருக்காகக் கன்னட நாட்டிலிருந்து வந்து குடியேறிய தேவாங்கர்கள்தாம், வள்ளியூரிலிருந்து வந்த சாலியரைப் போல. பனையோலைப் பெட்டி முடையும் இந்தப் பக்கத்துப் பெண் ஒருவர் மணப்பாட்டுப் பெண்களின் சாயம் ஏற்றிய ஓலை வேலையைப் பார்த்தால், தாம் முடைவது வெறும் மளிகைப் பெட்டியாக மட்டும் இருக்கத் தேவையில்லை என்று தெரிந்துகொள்வார். தாழம்பாய் முடைபவருக்குப் பத்தமடைக்காரரின் கோரைப் பாய், துணிபோல் மடிந்து பைக்குள் போவதைப் பார்த்தால் இரவு தூக்கம் வராது. சாயங்காலம் கூட்டம் குறைந்த நேரத்தில் தேநீர் குடித்துக்கொண்டே ஒருவர் வேலையை ஒருவர் புரட்டிப் பார்க்கும் அந்த அரைமணி நேரம், எந்தப் பயிற்சி முகாமின் வகுப்புக்கும் குறைந்ததல்ல. அலுவலர்கள் நிற்கும் கடைகளில் இது நடப்பதில்லை. அவர்கள் இரவுக்கான கணக்கை முடிப்பதில் மும்முரமாக இருப்பார்கள், அது அவர்கள் வேலை.

திருவிதாங்கூர்க் கைத்திறன் பெரிய காட்சிகளுக்குப் போவது புதிதல்ல. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் உலகப் பொருட்காட்சியில், உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா மகாராஜா விக்டோரியா அரசிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம் வைக்கப்பட்டிருந்தது. அரசியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் நிறைவு விழாவில் அதில்தான் அமர்ந்தார். சிம்மாசனம் இன்றும் இங்கிலாந்து அரச குடும்பத்தின் சொத்து. அனுப்பிய மன்னர் பெயரும் பெற்ற அரசியின் பெயரும் எல்லோரும் அறிந்தவை. தந்தத்தைச் செதுக்கிய கைகளைப் பற்றிப் பேசுவார் இல்லை. இருபத்திரண்டு ஆண்டு கழித்து, 1873-ல், கிளிமானூர் ரவிவர்மா சென்னை ஓவியக் காட்சிக்குத் தம் பெயரிலேயே படம் அனுப்பிக் கவர்னரின் தங்கப் பதக்கம் பெற்றார். தலையில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படம் அது. வியன்னா காட்சியிலும் பரிசு கிடைத்தது. மறு ஆண்டும் சென்னைக்கு அனுப்பினார். இம்முறை இசைக்கருவி வாசிக்கும் தமிழ்ப் பெண். அதற்கும் பதக்கம். 1893-ல் சிகாகோ உலகக் காட்சி வரை அவர் படங்கள் போயின. அரச உறவும் பெரிய இடத்து ஆதரவும் அவருக்கு இருந்தன, தறிக்காரருக்கு அவை இல்லை என்பது உண்மை. ஆயினும் செய்தவர் பெயரோடு பொருள் போவதற்கும், பெயரில்லாமல் போவதற்கும் உள்ள தூரத்தை இந்த இரண்டு சம்பவங்களும் காட்டும்.

நெய்தவரையும் செய்தவரையும் நேரில் உட்கார வைக்கும் ஏற்பாடுகள் நாட்டில் இல்லாமல் இல்லை. அரியானாவில் 1987-ல் தொடங்கிய சூரஜ்குண்ட் மேளாவில் கைவினைஞர்கள் பார்வையாளர் முன்னாலேயே வேலை செய்து காட்டுகிறார்கள். டெல்லியில் 1994-ல் திறந்த "டில்லி ஹாட்" சந்தையில் கைவினைஞர்களுக்கு முறை வைத்துப் பதினைந்து நாள் என்று கடை ஒதுக்குகிறார்கள். அங்கும் கைவினைஞர் பெயரில் வியாபாரிகள் புகுந்துவிடுகிறார்கள் என்ற புகார் உண்டு. வடகரைக்கு அருகே இரிங்ஙலில் 2011-ல் தொடங்கிய சர்காலயா கைவினைக் கிராமத்தில் ஆண்டுதோறும் டிசம்பர், ஜனவரியில் பெரிய விழா நடக்கிறது. இவ்வளவு தூரம் போவானேன்? கோவளத்தை அடுத்த வெள்ளாறில் 2021-ல் திறக்கப்பட்ட கைவினைக் கிராமம், திருப்புறத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலையில் திரும்பிவிடக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. கைவினைஞர்கள் உட்கார்ந்து வேலை செய்வதைச் சுற்றுலாப் பயணிகள் நின்று பார்க்கும் இடம் அது. அந்நியர் முன்னால் தறி ஓட்டிக்கொண்டே, செய்வதை வாயால் விளக்கிப் பார்த்தால்தான், இத்தனை காலம் கை தானாகச் செய்துவந்த காரியங்களில் எது அவசியம், எது வெறும் பழக்கம் என்பது செய்பவருக்கே விளங்கும்.

இதற்கு ஆட்சேபங்கள் வரும். அவை அற்பமானவை அல்ல. முதலாவது, கூலி நஷ்டம். பத்து நாள் தறி நின்றால் பத்து நாள் அடுப்புக்கு யார் பொறுப்பு? வயதான தறிக்காரருக்கு டெல்லிப் பயணம் எளிதல்ல. இந்தி தெரியாது. பெண்கள் பத்து நாள் வீட்டை விட்டுப் போக இயலாது. கடையில் இரவு காவல் யார்? மத்திய அரசின் கைத்தறி அபிவிருத்தி ஆணையர் அலுவலகமும், கைவினைப் பொருள் அபிவிருத்தி ஆணையர் அலுவலகமும் தனித்தனியானவை. தறிக்காரர் ஒரு கதவையும் பாய் முடைபவர் இன்னொரு கதவையும் தட்ட வேண்டும். அடையாள அட்டை உள்ள கைவினைஞருக்குக் காட்சிகளில் பங்கெடுக்கப் பயணப்படியும் தினப்படியும் உண்டு. அட்டை எடுத்தவர்களிலும் பலர் அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பதோடு சரி.

எல்லைக்கோட்டுப் பிரச்னையும் உண்டு. 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போயின, நெய்யாற்றின்கரை இங்கேயே நின்றது. களியக்காவிளையைத் தாண்டினால் கோ-ஆப்டெக்ஸ், இந்தப் பக்கம் ஹான்டெக்ஸ். நாகர்கோவில் பொருட்காட்சி, டெல்லிக் காட்சியை விடப் பல மடங்கு பக்கம். பேச்சும் புரியும், வாங்குகிறவர்களும் இந்த வேட்டியை அறிந்தவர்கள். ஆனாலும் ஒரு மாநிலத்துச் சங்கத்தின் சரக்கு மற்ற மாநிலத்துச் சங்கத்தின் கடையில் ஏறாது. எல்லா மாநிலத்தாருக்கும் இடம் தரும் காந்தி சில்ப் பஜார் போன்ற மத்திய அரசுக் காட்சிகள் பக்கத்து ஊர்களில் நடக்கும் நாட்களையேனும் இவ்வூர்ச் சங்கங்கள் விசாரித்துத் தறிக்காரர்களுக்குத் தெரிவிக்கலாம். அறிவிப்பு வந்த காகிதம் அலுவலக மேஜையோடு நின்றுவிடுவதே வழக்கமாக இருக்கிறது.

பிரயாணத்தைப் பற்றி ஒரு விஷயம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போக முடியுமா என்று பயப்படுகிறவர்கள் அநேகம். படுக்கை வகுப்பில் 40 கிலோவும் இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும் கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். மேற்பட்டதை முன்கூட்டியே லக்கேஜாகப் பதிவுசெய்து பிரேக் வேனில் ஏற்றலாம். நயம் நூல் துணிக்கு எடை குறைவு. இரண்டு பேர் போனால், ஒரு கடையை நிரப்பும் சரக்கு அவர்களுடைய சொந்த அனுமதிக்குள்ளேயே அடங்கிவிடும். பதிவுசெய்யாமல் ஏற்றிவிட்டு நடுவழியில் அபராதம் கட்டுகிறவர்களைப் பார்த்தே இந்தப் பயம் பரவியிருக்கிறது.

மற்றோர் ஆட்சேபம் வேறு வகையானது. பொருட்காட்சி கைத்திறனைக் கெடுக்கும் என்பார்கள் சில பெரியவர்கள். சாவிக்கொத்து, செல்போன் பை, சுவரில் மாட்டும் பொம்மை என்று சட்டென விற்கும் சில்லறைச் சாமான்களைப் பார்த்துவிட்டு வந்தவர், அதன்பின் நல்ல வேட்டி நெய்ய உட்கார மாட்டார் என்பது அவர்கள் வாதம். இப்படி நடந்த கைத்தொழில்கள் உண்டு. ஆகவே காட்சிக்குப் போகிறவர் இரண்டு விதச் சரக்கு எடுத்துப்போவது நல்லது. ஒன்று சாப்பாட்டுக்கு. இன்னொன்று தம்மால் முடிந்தவற்றில் மிகச் சிறந்தது, விற்காவிட்டாலும் சரி, நாலு பேர் தொட்டுப் பார்ப்பதற்கு.

சீருடைத் துணியையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. 2017-18 கல்வியாண்டிலிருந்து கேரள அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறிச் சீருடை கொடுத்து வந்தது தறிகளுக்கு உயிர் கொடுத்த திட்டம். கூலி பாக்கி என்ற முறையீடு அவ்வப்போது எழுந்தபோதிலும், அது வந்திராவிட்டால் அநேகத் தறிகள் விறகாகியிருக்கும். அதே சமயம், ஆண்டு முழுதும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், கரையில்லாத துணி அடித்துக்கொண்டிருக்கும் கை, கசவு ஓட்டும் நயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கும். நயம் தெரிந்த தறிக்காரர்களில் பெரும்பாலோர் இன்று வயதானவர்கள். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தக் கை ஆண்டுக்கு ஒரு தடவையாவது முழுத் திறமையையும் காட்டுவதற்குப் பொருட்காட்சியை விட்டால் வேறு முகாந்திரம் இல்லை.

சங்கங்கள் செய்யக் கூடியது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. பொருட்காட்சிக்குப் போகும் ஒவ்வொரு முறையும், விற்பனையாளரோடு தறிக்காரர் ஒருவரையும் முறை வைத்து அனுப்பலாம். போன நாட்களுக்கு அவருடைய வழக்கமான தறிக்கூலியைச் சங்கமே கொடுத்துவிடலாம். அடுத்த முறை தார் சுற்றும் பெண்களில் ஒருவர். எடுத்தவுடன் டெல்லி வேண்டாம். வெள்ளாறும் திருவனந்தபுரமும் போதும். துணியில் நெய்தவர் பெயர் எழுதிய சிறு சீட்டு ஒன்றைத் தைத்து வைத்தால், வாங்கியவர் மறுமுறை அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார்.

பொருட்காட்சி முடிந்து விற்காத சரக்கு மூட்டையாகத் திரும்பி வருகிறது. வந்த மூட்டை கணக்கில் வரவு வைக்கப்பட்டு, அப்படியே கிட்டங்கிக்குப் போகிறது. அடுத்த ரிபேட்டுக்கு அதே மூட்டை மறுபடி வெளியே வரும். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தின் முற்றத்தில் பிரித்து, நெய்தவர்கள் எல்லோரையும் சுற்றி உட்கார வைத்து, கடையில் நின்றவர் ஒவ்வொரு துணியாக எடுத்து, இதை எத்தனை பேர் கையில் எடுத்தார்கள், என்ன சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள் என்று சொல்ல வேண்டும். பத்து நாளில் எத்தனையோ கைகள் புரட்டிப் பார்த்த துணி அது. மடிப்பில் அழுக்குப் படிந்திருக்கும், கரை ஓரம் கொஞ்சம் சுருண்டிருக்கும். நெய்தவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும்.